லிங்க்ட்இன்: காரைக்குடிக்காரருக்கு எந்த அளவுக்குப் பயன்படும்?

காரைக்குடிக் கடைத்தெருவில் நின்று "மெய்யப்பா" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் ஊர் இது. பெயருக்கு முன்னால் மூன்று நான்கு எழுத்தில் விலாசம் போடுவது இங்கே வெறும் அலங்காரம் இல்லை. ரங்கூனிலோ பினாங்கிலோ கடை வைத்திருந்த மெய்யப்பன் எந்த வீட்டுப் பிள்ளை, நம்பிக் கொடுக்கலாமா என்பதை அந்த எழுத்துகளே சொல்லிவிடும். வேலை, தொழில் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இன்னும் விலாசம் பார்க்கும் இடம்தான். சந்தை என்று நினைத்துக் கூவப் போகிறவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஐந்துக்கு மூன்றரை. இலவசக் கணக்கு போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ப்ரொஃபைலை ஒழுங்காக எழுதி, அதன்பின் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கல்லூரிப் பழைய மாணவர் பட்டியலில் செலவழித்தால் பலன் உண்டு. தினமும் ஃபீடை உருட்டிக்கொண்டிருந்தால் கட்டைவிரல்தான் தேயும்.

இந்தத் தளம் 2003 மே மாதம் திறக்கப்பட்டது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் 26.2 பில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. வரலாறு அவ்வளவு போதும். தெரிந்துகொள்ள வேண்டியது இதன் பிழைப்பு எங்கே இருந்து வருகிறது என்பதை. வேலைக்கு ஆள் தேடும் நிறுவனங்கள் தேடுவதற்குக் கட்டணம் கட்டுகின்றன. பெரிய வருமானம் அதுதான். அந்த ஹெச்.ஆர். ஆட்கள் ஒரு பெட்டியில் சொற்களை அடிக்கிறார்கள், பட்டியல் வருகிறது. உங்கள் ப்ரொஃபைலில் அந்தச் சொற்கள் இருந்தால் பட்டியலில் இருப்பீர்கள், இல்லாவிட்டால் இல்லை. கீழே சொல்லும் பாதி விஷயம் இந்த ஒரு காரணத்திலிருந்துதான் பிறக்கிறது.

பெயரும் இனிஷியலும்

கணக்குத் தொடங்கும்போதே நம்மவர்கள் இடறும் இடம் இது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். பழக்கதோஷத்தில் இனிஷியலை முதல் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். ஹெச்.ஆர். மொத்தமாக அனுப்பும் செய்திகள் முதல் கட்டத்தில் இருப்பதை எடுத்துத்தான் கூப்பிடும். விளைவு, "ஹாய் ஆர்.எம்." என்று கடிதம் வரும். உங்கள் பெயர் முதல் கட்டத்தில், இனிஷியலோ தகப்பனார் பெயரோ இரண்டாவதில். எதைப் போட்டாலும் ஆதாரில் உள்ளதோடு ஒத்துப்போகட்டும். இந்தியாவில் அடையாளச் சரிபார்ப்பு டிஜிலாக்கரில் உள்ள ஆதார் வழியாக நடக்கிறது. பெயர் மாறினால் சரிபார்ப்பு அங்கேயே நிற்கும். சரிபார்த்த குறி இலவசம்தான், போட்டுக்கொள்ளுங்கள். போலிக் கணக்குகள் மலிந்த இடத்தில் அதற்கு மதிப்பு உண்டு.

அடுத்து முகவரி இணைப்பு. தளம் தானாகக் கொடுப்பதில் பெயருக்குப் பின் எண்ணும் எழுத்துமாக ஒரு வால் தொங்கும். கம்ப்யூட்டரில் உங்கள் ப்ரொஃபைலைத் திறந்தால் வலது பக்க மேல் மூலையில் 'பப்ளிக் ப்ரொஃபைல் அண்ட் யூ.ஆர்.எல்.' என்று இருக்கும். பென்சில் குறியை அழுத்தி மாற்றலாம். 3 முதல் 100 எழுத்து வரை, இடைவெளி கூடாது. பெயர், துறை, ஊர் என்று மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் இன்னொரு மெய்யப்பனோடு குழம்பாது. ரெஸ்யூமே அச்சடிக்கும் முன் இதைச் செய்யுங்கள். பிறகு மாற்றினால் கொடுத்துவிட்டு வந்த தாளில் எல்லாம் பழைய இணைப்புதான் இருக்கும்.

படம் குறைந்தது 400-க்கு 400 பிக்சல் இருக்கட்டும். முகம் சட்டத்தில் பாதிக்கு மேல் வர வேண்டும். கல்யாண வீட்டில் எடுத்ததை வெட்டிப் போட்டு, பக்கத்தில் நின்றவரின் தோளும் மாலையும் தெரிகிற படங்கள் ஏராளம். வீட்டு முற்றத்து வளவில் பர்மாத் தேக்குத் தூணோடு நின்று எடுத்த படம் அழகுதான், ஆனால் பட்டியலில் அது பொட்டளவு வட்டமாகச் சுருங்கும்போது தூண்தான் தெரியும், ஆள் தெரியமாட்டார். தூணைப் பின்னணிப் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் அளவு 1584-க்கு 396. இடது கீழ் மூலையை உங்கள் முகவட்டம் மறைக்கும், அங்கே எழுத்து எதுவும் வைக்க வேண்டாம்.

ஹெட்லைன் என்ற ஒரு வரி

பெயருக்குக் கீழே வரும் 220 எழுத்து. முழு ப்ரொஃபைலிலும் அதிகம் படிக்கப்படுவது இது. தேடல் பட்டியல், நீங்கள் போடும் கமென்ட், அனுப்பும் அழைப்பு எல்லாவற்றிலும் பெயரோடு ஒட்டிக்கொண்டு போகும். செல்போனில் தொடக்கம் மட்டும் தெரிந்து மீதி அறுந்துவிடும். ஆகவே சொல்ல வேண்டியது முன்னால் வர வேண்டும்.

காரைக்குடி சிக்ரியில் பி.டெக். படிக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். 1953-லிருந்து இயங்கும் மின்வேதியியல் ஆய்வகம் அது. பேட்டரி, அரிப்புத் தடுப்பு, மின்முலாம் என்று அங்கே படிக்கிற பாடத்துக்கு மின்வாகன நிறுவனங்களில் இன்று நல்ல கிராக்கி. ஆனால் ஹெட்லைனில் பெரும்பாலும் இருப்பது: "ஆஸ்பைரிங் இன்ஜினியர், பேஷனேட் லேர்னர், சீக்கிங் ஆப்பர்சூனிட்டீஸ்." இந்த மூன்றையும் எந்த ஹெச்.ஆரும் தேடல் பெட்டியில் அடிப்பதில்லை. இப்படி மாற்றுங்கள்: "எலெக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியர், லித்தியம் அயன் செல் டெஸ்டிங், இம்பீடன்ஸ் ஸ்பெக்ட்ராஸ்கோபி, கரோஷன், பி.டெக்., சிக்ரி காரைக்குடி." பதவிப்பெயர் முதலில், செய்யத் தெரிந்தவை அடுத்து, இடம் கடைசியில். சுருக்கெழுத்தையும் விரிவையும் இரண்டையும் எங்காவது எழுதிவைக்க வேண்டும். இம்பீடன்ஸ் ஸ்பெக்ட்ராஸ்கோபியை ஒருவர் 'இ.ஐ.எஸ்.' என்று தேடுவார், இன்னொருவர் முழுப்பெயரில் தேடுவார்.

தேவகோட்டையில் பி.காம். முடித்தவர் "பி.காம். கிராஜுவேட்" என்று நிறுத்திக்கொள்வதும் இதே கதைதான். பி.காம். லட்சம் பேரிடம் இருக்கிறது. "அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட், டேலி ப்ரைம், ஜி.எஸ்.டி.ஆர்-1, 3பி தாக்கல், டி.டி.எஸ்., வங்கிக் கணக்கு ஒத்துப்பார்த்தல்" என்று எழுதினால் ஆடிட்டர் ஆபீஸ்காரருக்குத் தேவையான ஐந்து சொல்லும் ஒரே வரியில் வந்துவிடும். இதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் தளம் ஏற்கும், ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பவர் தமிழில் தேடுவதில்லை. பதிவுகளும் செய்திகளும் தமிழில் இருக்கலாம், தடையில்லை.

'அபவுட்' பகுதிக்கு 2,600 எழுத்து இடம் உண்டு. முதல் இரண்டு மூன்று வரிக்குப் பின் 'மேலும்' என்று மடங்கிவிடும் என்பதால் அந்த வரிகளில் "சிறுவயதிலிருந்தே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்கி இடத்தை வீணாக்காதீர்கள். என்ன வேலை தெரியும், எந்தக் கருவியில், எத்தனை மாதம், எந்த ஊருக்கு வரத் தயார், மின்னஞ்சல் என்ன. ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கி அப்படியே ஒட்டினால் உங்கள் வகுப்பில் உள்ள அறுபது பேரும் ஒரே ஆள் மாதிரி இருப்பீர்கள்.

அனுபவப் பகுதியில் நம் ஊர்ப் பிள்ளைகள் காட்டும் கூச்சம் ஒன்று உண்டு. குடும்பத் தொழிலில் செய்ததை வேலையாகவே எண்ணுவதில்லை. புதுவயல் அரிசி ஆலையில் அப்பாவுக்குத் துணையாக மூன்று வருடம் கணக்குப் பார்த்திருந்தால் அது மூன்று வருட அனுபவம். நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாகி, பிறகு மேலாளானவர்களின் தொழில்பழக்கமும் அப்படி வந்ததுதான். "ஃபேமிலி பிசினஸ்" என்று மொட்டையாகப் போடாமல் நாளைக்கு எத்தனை மூட்டை அரைத்தது, எத்தனை வியாபாரிகளின் பற்றுவரவு, எந்த மென்பொருள் என்று எண்ணோடு எழுதுங்கள். எழுதிச் சேமிக்கும் முன் 'நோட்டிஃபை நெட்வொர்க்' பொத்தானை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஐந்து வருடத்துக்கு முந்தைய வேலைக்கு இன்று வாழ்த்து குவியும்.

திறன்கள் பட்டியலில் 100 வரை சேர்க்க விடுகிறார்கள். பதினைந்து, இருபது போதும், நேர்காணலில் கேட்டால் பதில் சொல்ல முடிகிறவை மட்டும். நண்பர்கள் பரஸ்பரம் தட்டிக்கொடுக்கும் 'எண்டார்ஸ்மென்ட்' மொய்ப் பணம் மாதிரி, வந்தது போகும். ப்ராஜெக்ட் கைடு நாலு வரி எழுதித் தரும் 'ரெகமண்டேஷன்' வேறு. அதை யாரும் படிக்காமல் தாண்டுவதில்லை. கேட்கும்போது "ஏதாவது எழுதுங்கள் சார்" என்று கேட்காமல் எந்த வேலையைப் பற்றி எழுதினால் உதவும் என்று சொல்லிக் கேளுங்கள், அவருக்கும் சுலபம்.

பழைய மாணவர் பட்டியல்: தளத்தின் உண்மையான சொத்து

மூன்றரை மதிப்பெண்ணில் இரண்டு இதற்காகத் தந்தது. எத்தனையோ பேர் ஐந்து வருடம் கணக்கு வைத்திருந்தும் இதைத் திறந்ததில்லை.

கம்ப்யூட்டரில் உங்கள் கல்லூரியின் பக்கத்துக்குப் போய் 'அலும்னி' டேபை அழுத்துங்கள். அங்கே படித்தவர்கள் எங்கே வசிக்கிறார்கள், எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள், என்ன வேலை, என்ன பாடம் என்று பட்டைகளாக வரும். ஒவ்வொரு பட்டையும் ஒரு வடிகட்டி. 'சிங்கப்பூர்' பட்டையை அழுத்தி, அதற்குள் 'இன்ஜினியரிங்' அழுத்தி, மேலே படித்த ஆண்டைப் போட்டால் உங்கள் துறையில், உங்களுக்கு ஆறேழு வருடம் மூத்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். இருபது வருடம் மூத்தவருக்கு உங்கள் கேள்விக்கு நேரம் இருக்காது. ஒரு வருடம் மூத்தவர் தானே நாற்காலி தேடிக்கொண்டிருப்பார். ஆறேழு வருடம்தான் சரியான தூரம்.

இங்கே காரைக்குடிக்கென்று சில குழப்பங்கள் உண்டு. 1952-ல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியின் பெயரில் 'அரசு' என்ற சொல் பிற்காலத்தில் சேர்ந்தது. மூத்தவர்கள் பழைய பெயரிலும் இளையவர்கள் புதுப் பெயரிலும் (சுருக்கமாக ஏ.சி.ஜி.சி.இ.டி.) பதிந்திருப்பார்கள். பட்டம் தருவது அண்ணா பல்கலை என்பதால் அதை மட்டும் போட்டு நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். மூன்று பெயரிலும் தேட வேண்டும். கிண்டியில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, அதுதான் ஏ.சி. டெக், வேறு. கலந்து வந்தால் ஊரைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அழகப்பா பல்கலைக்கழகப் பக்கத்தில் இன்னொரு விதம்: தொலைநிலைக் கல்வியில் படித்தவர்கள் ஏராளம் என்பதால் எண்ணிக்கை மலைப்பாக இருக்கும். அவர்களில் பலர் காரைக்குடிக்குத் தேர்வெழுதக்கூட வந்திருக்கமாட்டார்கள். பாடம், ஆண்டு என்று வடிகட்டினால்தான் வளாகத்தில் படித்தவர்கள் தெரிவார்கள்.

ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. 'கனெக்ட்' பொத்தானைச் செல்போனில் பட்டியலிலிருந்தே அழுத்தினால் ஒரு சொல்லும் இல்லாமல் அழைப்பு பறந்துவிடும். அதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. அவருடைய ப்ரொஃபைலுக்குள் போய், மூன்று புள்ளியை அழுத்தினால் குறிப்பு சேர்க்கும் வழி இருக்கும். இலவசக் கணக்கில் குறிப்புக்கு 200 எழுத்து, அதுவும் மாதத்துக்குச் சில அழைப்புகளுக்கு மட்டும். ஆகவே கூடப் படித்தவனுக்குக் குறிப்பு எழுதிச் செலவழிக்காதீர்கள், மூத்தவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள். கீழே உள்ளது அப்படி எண்ணினாலும் 200-க்குள் அடங்கும்:

"வணக்கம் சார். காரைக்குடி ஏ.சி.ஜி.சி.இ.டி. மெக்கானிக்கல் இறுதியாண்டு. வால்வு டிசைன் வேலை பற்றி உங்களிடம் இரண்டு கேள்வி கேட்கலாமா? ஓய்வாக இருக்கும்போது பதில் போதும்."

இதில் வேலை கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ரெஸ்யூமே இணைக்கவில்லை. "தங்களைப் போன்ற உயர்ந்த மனிதரை" என்ற பாயிரமும் இல்லை. ஏற்றுக்கொண்ட பிறகு அனுப்பும் இரண்டு கேள்வியும் இரண்டு வரியில் பதில் சொல்லத்தக்கதாக இருக்கட்டும்: "உங்கள் டீமில் சாலிட்வொர்க்ஸா, கிரியோவா? புதிதாக எடுப்பவர்களுக்கு ட்ராயிங் டெஸ்ட் உண்டா?" இதற்குப் பதில் வந்துவிடும். "எப்படி சார் முன்னேறுவது?" என்பதற்கு யாராலும் பதில் எழுத முடியாது, தூக்கத்தில் போன் ஒலித்த மாதிரி விழிப்பார். அவருடைய நிறுவனத்தில் இடம் திறந்தால் அப்போது வேலை எண்ணோடு ரெஃபரல், அதாவது பரிந்துரை, கேளுங்கள். மூத்தவர் "தம்பி, ரெஸ்யூமே அனுப்புப்பா" என்று தானே சொல்லும் கட்டம் பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடும். சிங்கப்பூர்க்காரருக்கு அனுப்புவதென்றால் நமக்குக் காலை ஏழரை அவருக்குப் பத்து மணி. இரவு பத்துக்கு அனுப்பினால் அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.

அழைப்புகளுக்கு வார வரம்பு இருக்கிறது. கண்டவர்களுக்கெல்லாம் அனுப்பி, அவர்கள் "இவரைத் தெரியாது" என்று தட்டிவிட்டால் கணக்கில் கட்டுப்பாடு விழும். ஒரு மாதம் கிடந்தும் ஏற்காத அழைப்பைத் திரும்பப் பெற்றுவிடலாம், ஆனால் அதே ஆளுக்கு மூன்று வாரத்துக்கு மறுபடி அனுப்ப முடியாது. '500+' என்று காட்டுவதற்காக எண்ணிக்கை சேர்ப்பது வீண் வேலை.

வேலை தேடும் பகுதி

இது சுமார்தான். வடிகட்டியில் 'கடந்த 24 மணி நேரம்' என்று வைத்துப் பாருங்கள், பழைய விளம்பரத்தைக் கன்சல்டன்ஸிகள் திரும்பத் திரும்பப் போடுகின்றன. மேற்கோள் குறிக்குள் அடித்தால் அந்தச் சொற்றொடரையே தேடும். 'அண்ட்', 'ஆர்', 'நாட்' மூன்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இடையில் போட்டு விற்பனை வேலைகளைக் கழித்துவிடலாம். 'ஈஸி அப்ளை' ஒரே தட்டில் முடிந்துவிடும் என்பதால் எல்லாரும் தட்டுகிறார்கள், உங்களுடையது எத்தனையாவதோ. அதே வேலை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்தால் அங்கே விண்ணப்பித்துவிட்டு, இங்கே அந்த நிறுவனத்தில் இருக்கும் உங்கள் கல்லூரிப் பழைய மாணவரைப் பிடிப்பது மேல். காரைக்குடி என்று இடம் போட்டால் கொஞ்சம்தான் வரும். திருச்சி, மதுரை, கோவை, சென்னை என்று தனித்தனி அலெர்ட் வையுங்கள். ப்ரொஃபைலில் ஊரைக் கோட்டையூர், பள்ளத்தூர் என்று போடுவதைவிடக் காரைக்குடி என்று போடுவது நல்லது, வெளியூர் ஹெச்.ஆருக்குத் தெரிந்த பெயர் அதுதான்.

'ஓபன் டு வொர்க்' அமைப்பில் இரண்டு வழி. எல்லாருக்கும் காட்டினால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. வேலையில் இருந்துகொண்டே தேடுபவர்கள் 'ரெக்ரூட்டர்களுக்கு மட்டும்' என்பதை வைக்க வேண்டும். அப்போதும் உங்கள் சொந்த நிறுவனத்து ஹெச்.ஆர். கண்ணில் படாது என்று தளம் உத்தரவாதம் தருவதில்லை, முயற்சி செய்கிறோம் என்றுதான் சொல்கிறது.

வெளிநாட்டு வேலை என்று வரும் செய்திகளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன ஊர் இது, கடல் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது: தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்' வேலை என்று சமூக ஊடக விளம்பரம் போட்டு இளைஞர்களை மியான்மருக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி வேலையில் அடைத்துவைத்தார்கள். இன்றும் அதே அச்சு மாறாத செய்திகள் வருகின்றன. அடையாளம் காண்பது கடினமில்லை. இரண்டாவது செய்தியிலேயே டெலிகிராமுக்கு வரச் சொல்வார்கள். நேர்காணல் பெயருக்கு நடக்கும். டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். ப்ரொஃபைலில் 'அபவுட் திஸ் ப்ரொஃபைல்' என்பதை அழுத்தினால் கணக்கு எந்த மாதம் தொடங்கியது, எதைச் சரிபார்த்திருக்கிறார்கள் என்று தெரியும். பதினைந்து வருட அனுபவமுள்ள மேலாளர் போன மாதம்தான் சேர்ந்திருப்பார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும், அதற்கு மேல் கேட்டால் சட்டப்படி தவறு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள், முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

ஊர்த் தொழில்களுக்கு?

தொழிலைப் பொறுத்தது. கண்டாங்கிச் சேலை, சீப்புச் சீடை, மணகோலம் விற்பவர்களுக்கு லிங்க்ட்இன் தேவையே இல்லை. வாங்குபவர் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் இருக்கிறார். கல்யாணச் சமையல்காரர்களுக்கும் அப்படியே. நட்சத்திர ஓட்டலுக்குப் போக நினைக்கும் செஃப்களுக்கு மட்டும் பயன்படும்.

ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு நிச்சயம் பயன்படும். காரணம், அந்தக் கல்லை எத்தனை சதுர அடி வாங்குவது என்று முடிவு செய்யும் ஆர்க்கிடெக்ட்டும் இன்டீரியர் டிசைனரும் இங்கே இருக்கிறார்கள். நிறுவனப் பக்கம் இலவசமாகத் தொடங்கலாம். அதற்கு ஆள் சேர்க்க மாதத்துக்கு 250 அழைப்பு தருகிறார்கள், ஏற்றுக்கொண்டவர்களுக்குச் செலவான அழைப்புகள் திரும்ப வரவாகும். ஆனால் பக்கத்தின் பதிவைவிட முதலாளி தன் பெயரில் போடும் பதிவு அதிகம் பேரிடம் போகிறது. பளபளக்கும் தரையின் படத்தை எல்லாரும் போடுகிறார்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து நிறக் கலவையை ஊற்றும் அரை நிமிட வீடியோவோடு, கல்லின் அளவு, கனம், ஒரு நாளைக்கு எத்தனை சதுர அடி போட முடியும், தண்ணீரில் எத்தனை நாள் ஊறப் போடுகிறீர்கள், லாரியில் போகையில் உடைவதற்கு எத்தனை சதவீதம் கூடுதலாக அனுப்புவீர்கள் என்று எழுதுங்கள். சூளையில் சுடாத கல் என்பதால் அவசரம் என்று கேட்டால் கொடுக்க முடியாது என்பதையும் எழுதுங்கள். போனில் அவர்கள் கேட்கும் கேள்விகளே இவை, பதில் முன்பே கிடைத்தால் பட்டியலில் உங்கள் பெயர் மேலே ஏறும்.

மற்றபடி பதிவு போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3,000 எழுத்து வரை எழுதலாம். "பணிவுடன் அறிவிக்கிறேன்" வகைச் சான்றிதழ் பதிவுகளுக்குக் கைதட்டல் வரும், வேலை வராது. உங்கள் துறைக்காரர் ஒருவரின் பதிவுக்குக் கீழே விஷயத்தோடு நாலு வரி கமென்ட் எழுதினால் அவருடைய வாசகர்கள் முன் உங்கள் ஹெட்லைன் போய் நிற்கும். செலவில்லாத விளம்பரம்.

ப்ரீமியம், அமைப்புகள், குறைகள்

ப்ரீமியத்துக்கு ஒரு மாத இலவச முயற்சி தருவார்கள், கார்டு விவரம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு. அந்த மாதத்தைச் சும்மா இருக்கும்போது தீர்க்காமல், மும்முரமாக வேலை தேடும் மாதத்தில் எடுங்கள். ஐந்து இன்மெயில் (தொடர்பில் இல்லாதவருக்கும் அனுப்பும் செய்தி), யார் பார்த்தார்கள் என்ற முழுப் பட்டியல், லிங்க்ட்இன் லேர்னிங் வகுப்புகள் கிடைக்கும். முடிவதற்கு ஓரிரு நாள் முன்பே ரத்து செய்துவிடுங்கள். ஐபோன் செயலி வழியாக எடுத்திருந்தால் ஆப்பிள் கணக்கில்தான் ரத்து செய்ய முடியும். தளத்தில் தேடித் தேடிப் பார்த்து விட்டுவிடுகிறவர்கள் அடுத்த மாதப் பணத்தைக் கட்டுகிறார்கள். மாதாமாதம் கட்டும் அளவுக்கு மாணவர்களுக்கு இதில் சரக்கு இல்லை.

செயலியை நிறுவியதும் போனில் உள்ள தொடர்பு எண்களைச் சேர்க்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆமாம் போட்டு, அடுத்த திரையையும் படிக்காமல் தட்டினால் பல் டாக்டர், கேஸ்காரர், கல்யாணத் தரகர் எல்லாருக்கும் உங்கள் பெயரில் அழைப்பு போகும். பிறரின் ப்ரொஃபைலைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். மறைத்துப் பார்க்க 'விசிபிலிட்டி' அமைப்பில் பிரைவேட் மோடு உண்டு. அதை வைத்தால் இலவசக் கணக்கில் உங்களைப் பார்த்தவர்களும் உங்களுக்குத் தெரியமாட்டார்கள். ஏ.ஐ. பயிற்சிக்கு உங்கள் தகவலைப் பயன்படுத்தும் பொத்தான் 'டேட்டா பிரைவசி'யில் இருக்கிறது, பிடிக்காதவர்கள் அணைக்கலாம். இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடாமல் விடாதீர்கள். 2012-ல் இங்கிருந்து கசிந்த கடவுச்சொற்களில் 11.7 கோடி கணக்குகளின் விவரம் 2016-ல் விலைக்கு வந்தது; எல்லாத் தளத்துக்கும் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தவர்களுக்குத்தான் அடி.

கடைசியாக, இறுதியாண்டு மாணவர்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கியிருந்தால், 'சைன் இன் அண்ட் செக்யூரிட்டி'யில் சொந்த மின்னஞ்சலைச் சேர்த்து அதையே முதன்மையாக்குங்கள். படிப்பு முடிந்து கல்லூரி அந்த மின்னஞ்சலை மூடினால், கடவுச்சொல்லை மாற்றும் கடிதம் மூடிய பெட்டிக்குத்தான் போகும். பலர் அப்போது இரண்டாவது கணக்குத் தொடங்குகிறார்கள், மூத்தவர்களோ பழையதில் இருக்கிறார்கள். இரண்டையும் இணைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் மூடப்போகும் கணக்கின் கடவுச்சொல் வேண்டும். இணைத்தாலும் கனெக்‌ஷன்கள் மட்டும்தான் வந்து சேரும். எழுதிவைத்த அனுபவம், ரெகமண்டேஷன், பழைய செய்திகள் எதுவும் வராது.